பின்சுவருக்கு அந்தப் பக்கம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். இது நேற்றைய கதை இல்லை, முந்தாநாள் கதையும் இல்லை. ராஜாக்கள் யானைமேல் ஏறி ஊர் பார்த்த காலம். ஊருக்கொரு மன்றம், மன்றத்துக்கொரு நீதிமான் என்று இருந்த காலம்.

அந்தக் காலத்தில் நெட்டிறக்கம் என்று ஓர் ஊர் இருந்தது. பேருக்கு ஏற்ற ஊர். மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவு. உச்சியில் மேலத்தெரு, இடையில் நடுத்தெரு, அடியில் கீழத்தெரு. மூன்று தெருவுக்கும் பின்னால் ஓர் ஓடை. வெயில் காலத்தில் அதில் மணல் ஓடும். மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும். ஓடி ஓடிக் கீழத்தெருப் பள்ளத்தில் தேங்கும். அங்கே ஊறித்தான் கீழத்தெருக் கிணறு நிறையும்.

மேலத்தெருவில் கடைசி வீடு நீதிமான் வில்லவனார் வீடு. தராசு முள் அசைந்தாலும் அவர் நாக்கு அசையாது என்று ஊரார் சொல்வார்கள். அவருக்கு மனைவி நல்லினி. பிள்ளைகள் மூவர். மூத்தவன் ஆதன், நடுப்பெண் சேந்தி, கடைக்குட்டி கொற்றன்.

கதை இந்தச் சேந்தியைப் பற்றியது. அவளுக்கு அப்போது பதினோரு வயது.

வில்லவனார் மன்றத்தில் எப்படியோ வீட்டிலும் அப்படித்தான். பணியாரம் சுட்டால் மூன்று பங்கு. ஒன்று கருகியிருந்தால் அந்தக் கருகலும் மூன்று பங்கு. வேலையிலும் அதே கணக்குத்தான். வீட்டுக் குப்பையைக்கூட மூன்றாகப் பிரித்திருந்தார். அடுக்களைக் கழிவு ஆதனுக்கு. அடுப்புச் சாம்பலும் விளக்கெண்ணெய்க் கசடும் சேந்திக்கு. அப்பா படிக்கும் அறையைக் கூட்டிப் பூச்சி அரித்த ஓலையை அள்ளுவது கொற்றனுக்கு.

"பொழுது ஏறுவதற்குள் வீடு சுத்தமாக இருக்க வேண்டும். அவரவர் பங்கை அவரவர் முடிக்க வேண்டும்" என்று சொல்லியிருந்தார்.

குப்பை போட வேண்டிய குழி வயல் ஓரத்தில் இருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பினால் கால் கடுக்கும். ஆறு மாதம் மூவரும் ஒழுங்காகத்தான் போனார்கள்.

ஒருநாள் ஆதன் தாமதமாக எழுந்தான். கூடையை எடுத்தான், வயல் பக்கம் பார்த்தான், பின்சுவரைப் பார்த்தான். சுவருக்கு மேலாக ஒரே வீச்சு. அந்தப் பக்கம் ஓடையில் தொப்பென்று விழுந்தது.

சேந்தி பார்த்துவிட்டாள்.

"அண்ணா, நான் மட்டும் அவ்வளவு தூரம் நடக்கணுமா?"

"உன்னை யார் நடக்கச் சொன்னது?"

அண்ணன் நடக்காதபோது நான் ஏன் நடக்க வேண்டும், அது என்ன நியாயம் என்று சேந்தி யோசித்தாள். அவள் பங்கும் சுவர் தாண்டியது. இரண்டு பேரும் போடுவதைப் பார்த்த கொற்றன் தன் பங்கைப் போடக் கல்லின்மேல் ஏறி நின்றான். எட்டவில்லை. சேந்திதான் தூக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து வீடு பொழுது ஏறுவதற்கு வெகு முன்பே சுத்தமாகிவிட்டது. வில்லவனாருக்கு மகிழ்ச்சி. பிள்ளைகளுக்குள் சண்டை இல்லை. மூன்று பங்கும் முடிந்தது. முடிந்த பங்கு எங்கே போனது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகிக் கீழே ஓடியது.

மழை விட்ட மூன்றாம் நாள், சேந்தி அப்பாவுக்கு மோர் எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கீழத்தெருவில் கீரை போட்டு விற்கும் பேச்சி. இடுப்பில் ஒரு குடம். குடத்தை இறக்கி, நீதிமானுக்கு முன்னால் வைத்தாள்.

"ஐயா, இது எங்க கிணத்துத் தண்ணி. மோந்து பாருங்க."

வில்லவனார் குனிந்தார். முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. அடியில் சாம்பல் கலங்கிக் கிடந்தது.

"என் மக சிட்டு அஞ்சு நாளா படுத்திருக்கா. எது கொடுத்தாலும் வெளியே வந்துடுது. அடுத்த வீட்டுல ரெண்டு பேர், அதுக்கடுத்த வீட்டுல ஒரு கைப்பிள்ளை. யாரோ மேலேயிருந்து ஓடையில குப்பை போடறாங்க ஐயா. யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க."

சாம்பலும் எண்ணெயும் யார் பங்கு என்று சேந்திக்குத் தெரியும்.

வில்லவனார் எழுந்து நின்றார். அவர் குரல் மன்றம் முழுக்கக் கேட்டது. "காவலர் இருவர் ஓடையைக் கீழிருந்து மேலாகத் தேடட்டும். எந்த வீட்டுக் குப்பையோ, அந்த வீட்டார் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். கிணறு தெளியும்வரை வேறு தண்ணீர் அவர்களுக்குக் கிடையாது. இன்றைக்கு மூன்றாம் நாள் தீர்ப்பு."

சேந்தி மோரை வைத்துவிட்டு ஓடினாள். வீட்டுக்கு வந்தவளுக்கு உட்கார முடியவில்லை. கொல்லைக்குப் போனாள், உள்ளே வந்தாள், மறுபடி கொல்லைக்குப் போனாள். அம்மா சோறு போட்டாள். பிசைந்த சோறு பிசைந்தபடியே கிடந்தது.

"என்னடி, காலில் சக்கரம் கட்டியிருக்கிறாயா? ஓர் இடத்தில் இரேன்" என்றாள் நல்லினி.

அவள் எங்கே இருப்பாள்? நெஞ்சுக்குள் உலக்கை இடித்துக்கொண்டிருந்தது.

ஆதனிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. ஆனாலும், "வாயைத் திறக்காதே. நீதிமான் வீட்டுச் சுவரை வந்து யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றான்.

முதல் நாள் காவலர்கள் கீழத்தெருவைத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. நாளை நடுத்தெரு, அதற்கடுத்து மேலத்தெரு என்று பேசிக்கொண்டே போனார்கள்.

இரண்டாம் நாள் விடிந்தும் விடியாமலும் சேந்தி சுவரேறி எட்டிப் பார்த்தாள். மழை அடித்துக்கொண்டு போனது பாதிதான். மீதி அங்கேயே, அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி, ஒரு மேடாகக் கிடந்தது. கூடை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கையால் அள்ளினாள். பத்துக் கூடை அள்ளினாலும் தீராது என்று தெரிந்தது. வயலுக்குப் போய்வர நேரம் ஏது? காவலர்கள் வந்துவிடுவார்கள்.

ஆதன் ஒரு நீளமான மூங்கில் கழியோடு இறங்கி வந்தான்.

"அள்ளாதே. தள்ளு."

"எங்கே?"

"கீழே. எங்கேயாவது. இங்கே இருந்தால்தானே நம்முடையது?"

சேந்தி தயங்கினாள். ஒரு கணம்தான். பிறகு கழியின் மறுமுனையை அவளும் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். ஓடையில் இன்னும் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குப்பை மேடு அசைந்தது, நகர்ந்தது, சரிந்து போனது. சிறிது தூரம் போய் ஒரு வளைவில் கல்லில் சிக்கி நின்றுவிட்டது. அது நடுத்தெருச் சாயக்காரர் முத்தாண்டியின் வீட்டுப் பின்புறம்.

அன்று உச்சிப்பொழுதில் காவலர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். தேடியது கிடைத்த பிறகு யார் மேலே ஏறுவார்கள்? முத்தாண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்புக்காரி அழுத அழுகை மேலத்தெருவரை கேட்டது.

ஆதன், "பார்த்தாயா, முடிந்துவிட்டது" என்றான்.

முடிந்துவிட்டதா? சேந்திக்கு முன்பாவது காலில்தான் சக்கரம். இப்போது உடம்பு முழுக்கச் சக்கரம். படுத்தால் அந்த அழுகை, எழுந்தால் அந்த அழுகை. பெற்றவள் அந்தத் தண்ணீரைக் குடித்தால், பால் குடிக்கும் பிள்ளை என்ன ஆகும்? கொற்றன் வந்து, "அக்கா, விளையாட வா" என்று இழுத்தான். கையை உதறினாள். அவன் அழுதான். அதையும் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் வந்தது. ஊரே மன்றத்தில் கூடியது. நல்லினி பிள்ளைகளோடு ஓரமாக நின்றாள். காவலர்கள் ஓடையில் எடுத்த குப்பையைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து நடுவில் கொட்டினார்கள். முத்தாண்டி கை கட்டப்பட்டு நின்றார். கை, முழங்கைவரை நீலம்.

"ஐயா, என் கையைப் பாருங்க. என் வீட்டுல கழுவுற தண்ணி நீலம், கூட்டுற குப்பை நீலம், நான் துப்புற எச்சில்கூட நீலம். இந்தக் குப்பையில நீலம் எங்கய்யா இருக்கு?"

"மழையில் கரைந்திருக்கும்" என்றான் ஒரு காவலன்.

"அவுரி நீலம் மழைக்குக் கரையுமாடா? கரைஞ்சா என் துணியை எவன் வாங்குவான்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வில்லவனார் சிரிக்கவில்லை. எழுந்து வந்து குப்பையைச் சுற்றி நடந்தார். ஒரு குச்சியால் கிளறினார். பூசணித் தோல், அழுகிய வாழைச்சருகு, எண்ணெய்க் கசடு, கட்டி கட்டியாகச் சாம்பல்.

குச்சி ஓரிடத்தில் நின்றது.

சேந்தியும் அதைப் பார்த்தாள். சேற்றுக்குள்ளிருந்து ஒரு பனையோலை நறுக்கு எட்டிப் பார்த்தது. பூச்சி அரித்த ஓலை. அதில் எழுத்து இருந்தது. அந்த ஊரில் ஓலையில் எழுதுகிறவர் ஒருவர்தான்.

வில்லவனார் ஓர் அடி முன்னே வைத்தார். அவர் கால் அந்த ஓலையின்மேல் நின்றது. அங்கேயே நின்றது.

பிறகு நிமிர்ந்து, "இந்தக் குப்பையைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை.

"யாருக்காவது தெரியுமா?" இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

ஆதன் சேந்தியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

வில்லவனாரின் கழுத்தில் வியர்வை இறங்கியது. முத்தாண்டியைப் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கடைசியில், "யாருக்காவது…" என்று தொடங்கினார்.

சேந்தி கையை உருவிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் அப்பா. அது நம் வீட்டுக் குப்பை."

அவள் நடந்து வந்து குப்பைக்கு அருகில் நின்றாள். "சாம்பல் என் பங்கு. எண்ணெய் என் பங்கு. சுவருக்கு மேலே போட்டேன். நேற்றுக் காலை முத்தாண்டி மாமா வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டதும் நான்தான்."

ஆதன் பேரை அவள் சொல்லவில்லை. ஆனால் கொற்றன் அம்மாவின் சேலையை விட்டு ஓடிவந்து, "நானும்தான் போட்டேன்! எனக்கு எட்டாது, அக்காதான் தூக்கிவிட்டாள்!" என்று கத்தினான். அதற்குப் பிறகு ஆதன் எப்படி ஒளிந்து நிற்பான்? தலையைக் குனிந்துகொண்டு அவனும் வந்து நின்றான்.

வில்லவனார் காலை எடுத்தார். குனிந்து அந்த ஓலையை எடுத்தார்.

"ஊராரே, இது என் கையெழுத்து. முதல் முறை கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் காலால் மறைத்தேன். என் பெண் பேசியிராவிட்டால் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது."

முத்தாண்டியின் கட்டை அவரே அவிழ்த்துவிட்டார். முத்தாண்டி மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

"பச்சைப் பிள்ளைகள், தெரியாமல் செய்துவிட்டார்கள். விட்டுவிடுங்கள் ஐயா" என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர்.

"வேறு வீட்டுப் பிள்ளைகள் என்றால் இப்படிச் சொல்வீரா?" என்றார் வில்லவனார். "தீர்ப்பு அன்றைக்கே சொல்லியாகிவிட்டது."

பேச்சியின் குடம் இன்னும் மன்றத்திலேயே இருந்தது. ஒரு செம்பு மொண்டார். நல்லினி, "ஐயோ!" என்று ஓடி வருவதற்குள் பாதியைக் குடித்துவிட்டார். மீதியோடு செம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

சேந்தி கை நீட்டினாள். "என் பங்கு, அப்பா."

அவர் கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவளே வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு வாயருகே கொண்டுபோனாள்.

அப்போது ஒரு கை வந்து செம்பைத் தட்டிவிட்டது. செம்பு உருண்டது, தண்ணீர் மண்ணில் ஓடியது. பேச்சி நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னய்யா தீர்ப்பு இது? வீட்டுல ஒரு பிள்ளை சுருண்டு கிடக்குறதைப் பார்த்துட்டு வந்திருக்கேன். இங்கே இன்னொரு பிள்ளை படுக்கணுமா? இவ குடிச்சா என் கிணறு தெளிஞ்சுடுமா?"

வில்லவனார், வாழ்நாளில் முதல் முறையாக, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நின்றுகொண்டு, "வேறு என்ன செய்ய வேண்டும், நீயே சொல் அம்மா" என்று கேட்டார்.

பேச்சி விரலை மடக்கினாள். "உங்க வீட்டுக் கிணறு நல்லா இருக்கு. எங்க கிணறு தெளியுறவரைக்கும் அது எங்களுக்கும் வேணும். அந்தத் தண்ணியை இறக்கத்துல சுமந்து வந்து எங்க வாசல்ல ஊத்தணும். உங்க வீட்டு ஆட்களே ஊத்தணும். எங்க கிணத்தை இறைச்சுத் தூர் வாரணும். அம்புட்டுதான். குடிக்கிற பேச்செல்லாம் வேணாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் வில்லவனார்.

அன்று சாயங்காலமே அவருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நல்லினி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சேந்தி அப்பா பக்கத்தில் உட்காரவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல் தவித்தாள். உட்கார நேரமும் இல்லை. விடிந்தால் இருபது குடம் இறங்க வேண்டும். முதல் நாள் தோள் வீங்கியது, இரண்டாம் நாள் பாதம் வெடித்தது, மூன்றாம் நாள் குடம் உடைந்தது. உடைந்த குடத்தைக் கீழே போட்டுவிட்டு நடுத்தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முத்தாண்டியின் மனைவி கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் ஒரு குடத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"திருப்பிக் கொண்டுவந்து வைச்சுடு" என்றாள். சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆதன் கிணற்றுக்குள் இறங்கினான். இறங்கும்படி யாரும் சொல்லவில்லை. இடுப்பளவு சேற்றில் நின்று கூடை கூடையாகத் தூர் அள்ளினான். நல்லினி மேலே நின்று கயிறு இழுத்தாள். கொற்றன் ஓடைக் கற்களுக்குள் சிக்கிய கந்தலையும் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் பொறுக்கினான். நான்காம் நாள் வில்லவனார் கோலூன்றிக்கொண்டு இறங்கி வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மனைவிக்குப் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்தார். கீழத்தெருக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருவர் கை கொடுத்தார். பிறகு இருவர்.

அள்ளிய குப்பையை என்ன செய்வது? வயல் குழிக்குச் சுமக்கச் சேந்தி கூடையைத் தூக்கினாள். பேச்சி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அந்தத் தோலையும் சருகையும் ஏன் அவ்வளவு தூரம் சுமக்கிறே? கீரைப் பாத்திக்குக் கீழே புதைச்சா எருவாயிடும். உங்க வீட்டுச் சாம்பலையும் நாளையிலேர்ந்து எனக்குக் கொண்டுவா. பூச்சி அண்டாம கீரைமேல தூவலாம். எண்ணெய்க் கசடை மட்டும் மண்ணுல ஊத்திடாதே. வண்டிக்காரன்கிட்டே கொடு, அச்சுக்குப் பூசிக்குவான்."

சேந்தி அவளை வெறித்துப் பார்த்தாள். எறியத் தெரிந்த அளவுக்கு, எங்கே கொடுப்பது என்று ஒருநாளாவது அவள் யோசித்ததில்லை.

பதினாறாம் நாள் கிணற்றில் புது ஊற்று சுரந்தது. முதலில் மஞ்சளாக, பிறகு வெள்ளையாக, பிறகு அடிக்கல் தெரியும்படி. சேந்தி தேற்றாங்கொட்டையை உரைத்து முதல் குடத்தில் கலந்து, தெளிந்ததும் காய்ச்சி ஆற்றிப் பேச்சி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

சிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. கண் மட்டும் பெரிதாக இருந்தது. தண்ணீரை வாங்கிக் குடித்தாள். பாதிச் செம்பு குடித்துவிட்டு, "அக்கா, நீ குடிக்கலையா?" என்று மீதியை நீட்டினாள்.

சேந்தி அங்கே தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். மீதித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

பிள்ளைகளே, பெரியவர்களே, கதை இவ்வளவுதான். இதன் நீதி இது: வீட்டுக்குள் எல்லோரும் சரிபங்கு போட்டுக்கொண்டால் மட்டும் நியாயம் ஆகிவிடாது, நாம் வெளியே தள்ளுவது யார் தலையில் போய் விழுகிறது என்று பார்த்து நடப்பதுதான் நியாயம்.